கரையைச் சைக்கிளுக்குத் திறந்துவிடுங்கள்

கோவில்பட்டியில் நாங்கள் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியில் ஆற்றிலிருந்து எடுத்த நீர், கரிசல் காட்டைக் குழாய் வழியே கடந்து வந்து எங்கள் குடங்களில் விழுகிறது. இரண்டாவது குழாய்த் திட்டம் வருவதற்கு முன்பு வாரக்கணக்கில் காத்துக் கிடந்த ஊர் இது. தண்ணீர் விடும் நாளில் பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் முதல் மணி முடிந்துதான் வருவார்கள். வருகைப் பதிவேட்டில் நான் அதைத் தாமதமாக எழுதியதே இல்லை.

சமூக அறிவியல் நடத்திய காலமெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: "நீங்க குடிக்கிற ஆத்தப் பாத்தவங்க கை தூக்குங்க." பாபநாசத்தில் குளித்தவர்கள், திருச்செந்தூர் போகும்போது பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் என்று சில கைகள் எழும். கரையோடு ஒரு மைல் நடந்தவர்கள் யார் என்றால் ஒரு கையும் எழாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை ஆறு ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் ஒவ்வொரு கால்வாய்க்கும் கரை இருக்கிறது, கரைமேல் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பயமில்லாமல் போக முடியுமா என்பதுதான் என் கேள்வி. இப்போதைக்கு முடியாது. முடியும்படி செய்ய வேண்டும், அதற்குப் பெரிய செலவும் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன தை மாதம் பழைய மாணவிகள் இருவரோடு இந்த வழியைச் சைக்கிளில் மிதித்துப் பார்த்தேன். ஒருத்தி நர்ஸ். இன்னொருத்தி தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். "டீச்சர், ஒங்க வயசுக்கு இது தேவையா?" என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மண்பாதையில் இறங்கினால் கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்புறம் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைத் தோளில் சுமக்க வேண்டும். கரிசல்காட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று. கயத்தாறில் காற்றாலைகளை வரிசையாகச் சுற்ற வைக்கிற காற்று, லேடி பேர்டு சைக்கிளில் போகிற பொம்பளையைச் சும்மா விடுமா? தையில் வாடைக்காற்று முதுகைத் தள்ளும். ஆற்றுப் பக்கம் பிசான நெல் நிற்கும். வழியெல்லாம் பனங்கிழங்கு கிடைக்கும்.

இருட்டோடு கிளம்பினோம். கயத்தாறு வரை நான்குவழிச் சாலையின் ஓரம்தான். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஹேண்டில்பார் நடுங்கியது. சாலைப்புதூர் சுங்கச்சாவடியில் எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை, அது ஒன்றுதான் அந்தச் சாலையில் சைக்கிளுக்குக் கிடைத்த மரியாதை. கயத்தாறில் 1799 அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். கங்கைகொண்டானில் சிற்றாற்றைப் பார்த்ததும் பெருஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டோம். அங்கிருந்து சீவலப்பேரிக்கு ஊர்ச்சாலை. இருபுறமும் மானாவாரிப் புஞ்சை, உளுந்து பறித்து முடிந்த காடு, நடுநடுவே வேலிக்கருவை.

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிறது. நெல் வயலும் வாழையும் தொடங்கிவிடுகின்றன. காட்டின் நிறமே மாறுகிறது. என் பாட்டி, கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவள், நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் என்ற காலத்துக்காரி. மழை பொய்த்த வருஷங்களில் இந்தப் பக்கம் நெல் அறுக்க வந்து, கூலிக்கு நெல் வாங்கிக்கொண்டு நடந்தே ஊர் திரும்பியிருக்கிறாள். அவள் நடந்த தடத்தில் கொஞ்சமாவது நாங்கள் மிதித்திருப்போம். தண்ணீர் எடுக்கும் நீரேற்று நிலையைத் தூரத்திலிருந்து காட்டினேன். கணக்குக்காரி, "இங்கருந்தா டீச்சர் நம்ம தெருவுக்கு வருது?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் வந்தாள். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் நடத்தியும் அவளிடம் இந்த மௌனத்தை நான் வரவழைத்ததில்லை.

வல்லநாட்டுக்குக் கீழே தார்ச்சாலையை விட்டுக் கால்வாய்க் கரையில் ஏறினோம். கரை அகலமாகத்தான் இருக்கிறது. ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகலாம். ஆனால் பாதித் தூரத்துக்குமேல் வேலிக்கருவை இருபக்கமும் சாய்ந்து மூடியிருந்தது. கையில் கீறல், டயரில் முள். தடம் தெரிகிற இடங்களிலோ டிராக்டர் சக்கரம் உழுத பள்ளம், அதில் உடைந்த பாட்டில். பஞ்சர் ஒட்டுவதற்கு ஒரு மடையின் மேல் உட்கார்ந்திருந்தபோது வயலிலிருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தார். பொதுப்பணித் துறையில் பாசன லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க தாயி, இந்த முள்ளுக்குள்ள?"

கரை வழியே ஸ்ரீவைகுண்டம் போகிறோம் என்றேன். சிரித்தார். "நாங்கல்லாம் தெனம் சைக்கிள்லதான் போவோம். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கரையில நண்டு வளை இருக்கா, எலி வளை இருக்கா, எவனாவது மடையத் தூக்கி வச்சிருக்கானான்னு பாத்துக்கிட்டே மிதிப்போம். ஜீப்புல போறவனுக்கு நண்டு வளை தெரியுமா?"

இந்தப் பெரியவர் சொன்னதைவிட நல்ல வாதம் என்னிடம் இல்லை. கரை உடைவது ஒரே நாளில் நடப்பதில்லை. நண்டு துளைத்த இடத்தில் முதலில் நீர் கசியும், பிறகு ஈரம் பரவும், வெள்ளம் வரும் நாளில் அந்த இடத்தில் வாய் பிளக்கும். கசிவைப் பார்க்க யாராவது அன்றாடம் அந்த வழியே மெதுவாகப் போக வேண்டும். ஆக, கரைப்பாதை ஒரு காலத்தில் சைக்கிள் பாதையாகத்தான் இருந்திருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். முறப்பநாட்டுப் பேச்சு வந்தபோது. 2023 ஏப்ரலில் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்ததுதான் காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கரையில் ஆள் நடமாட்டம் கூடிவிட்டதா என்றால் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு தனி அலுவலரைக் கரைக்குக் காவலாக நிறுத்தினால் அவருக்கு என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். காலையிலும் மாலையிலும் இருபது முப்பது பேர் சைக்கிளிலும் நடையிலும் போய்வருகிற கரையில் டிராக்டரை இறக்கி மணல் அள்ளுவது அவ்வளவு எளிதில்லை. பாதை போட்டால் மணல் வண்டிக்குத்தான் வசதி என்பார்கள். கரையில் ஏறும் இடங்களில் மூன்றடி இடைவெளியில் கல்தூண்களை ஊன்றிவிட்டால் போதும். சைக்கிள் நுழையும், ஆடு மாடு நுழையும். டிராக்டர் நுழையாது. துறை வண்டி போக வேண்டிய இடத்தில் பூட்டுச் சங்கிலி போட்டுக்கொள்ளலாம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873இல் கட்டி முடித்தது, எட்டில் கடைசி. வடகால் தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம்வரை போகிறது. தென்கால் கடம்பா குளத்துக்கு. அணைக்கட்டு நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம், புளியோதரையும் கடலை மிட்டாயும். சாப்பிட்டுவிட்டுத் தென்கரைக்குக் கடந்து, கொஞ்சம் மேற்கே மிதித்து ஆதிச்சநல்லூர் போனோம். பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876இல் தோண்டிய, முதுமக்கள் தாழிகள் புதைந்த பறம்பு. பிறகு அகழாய்வுக்கு அலெக்சாண்டர் ரீ வந்தார், 2004இல் சத்தியமூர்த்தி வந்தார். 2023 ஆகஸ்டில் அங்கே தள அருங்காட்சியகம் திறந்தார்கள். தாழிகளைப் பெயர்த்தெடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடிமேல் நின்று குனிந்து பார்த்த நர்ஸ், "இவ்வளவு பெரிய தாழிய எப்பிடி டீச்சர் வனைஞ்சிருப்பாங்க?" என்று கேட்டாள். காரில் வந்த குடும்பம் ஒன்று ஐந்து நிமிஷத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பியது. கால் வலிக்க மிதித்து வந்தவர்களுக்கு அப்படிக் கிளம்ப மனசு வராது.

பிற்பகலை வேகமாகவே கடந்தோம். ஆழ்வார்திருநகரியில் நடை சாத்தியிருந்தது. ஏரலில் நின்றபோது 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில் ஏரல் பாலம் உடைந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் நிழலைத் தாண்டி, பொழுது சாய்வதற்குமுன் புன்னக்காயல் சேர்ந்தோம். திரும்புவதற்குச் சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றினோம். வண்டிக்காரர் கேட்ட வாடகைக்கு ஒரு பழைய சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

இனி வெளிநாட்டுக் கதை. இப்படிப் பேச ஆரம்பித்தாலே யாராவது ஐரோப்பாவைக் காட்டுவார்கள், நானே காட்டிவிடுகிறேன். டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவரை 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் சைக்கிள் பாதை உலகப் புகழ்பெற்றது. அதன் பல பகுதிகள் அந்தக் காலத்தில் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்துப் போன கரைத்தடம். குதிரைகள் போன பிறகு தடத்தை மூடாமல் சைக்கிளுக்கு விட்டார்கள். தென்கொரியா வேறு வழியில் போனது. இன்சியோனிலிருந்து பூசான்வரை 633 கிலோமீட்டர் பாதையை 2012இல் திறந்தார்கள். வழிநெடுகச் சிவப்புக் கூண்டுகள், உள்ளே முத்திரை, கையில் வைத்திருக்கும் புத்தகத்தில் குத்திக்கொண்டே போகலாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு பெரிய ஆறுகளிலும் கதவணைகளைக் கட்டி, ஆற்றைத் தோண்டிய திட்டத்தோடு சேர்ந்து வந்த பாதை அது. நீர் தேங்கிப் பாசி படர்ந்தது என்று அந்த ஊர்க்காரர்களே இன்றுவரை அந்தத் திட்டத்தை எதிர்க்கிறார்கள். நமக்கு வேண்டியது குதிரைத் தடம்தான். கொரியா மாதிரி வேண்டாம். கரையில் சிமென்ட் தளம், எல்.இ.டி. விளக்கு, "ஐ லவ் தாமிரபரணி" பலகை என்று யாராவது திட்ட அறிக்கை போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு நிறையவே இருக்கிறது. அடுத்த வெள்ளத்தில் அது அத்தனையும் புன்னக்காயல் கடலுக்குப் போகும். மண் கரை மண் கரையாகவே இருக்கட்டும்.

சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. 2001-02இல் பதினோராம் வகுப்பு படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது, 2005-06இல் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்றானது. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பெல் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். அந்தச் சைக்கிளால் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். 1992இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைத் தமிழ்நாடே பேசியது. அதற்குப் பிறகு? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சைக்கிள் வீட்டு வாசலில் துரு ஏறுகிறது, இல்லையென்றால் கிடைத்த விலைக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே அதன் ஆயுள் முடிந்துபோகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் தன் ஆற்றைப் பார்த்துவரலாம் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

நான் சொல்வது பொழுதுபோகாதவர்களின் ஆசை என்று நினைப்பவர்கள், மார்கழியிலும் தையிலும் எங்கள் ஊர்ச் சாலையில் இரவில் நின்று பாருங்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டி, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சனம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, லாரி வெளிச்சத்தில் கண் கூசி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு அடி இடத்தில் நடக்கிறார்கள். பாதயாத்திரை போனவர்கள்மீது வண்டி ஏறியது என்ற செய்தி வருஷா வருஷம் வருகிறது. கடைசிக் கால்பங்குத் தூரத்தையாவது கால்வாய்க் கரையில் நடக்க விட்டால் அந்தச் செய்திகளில் சில குறையும். நீண்ட தூரம் சொந்தக் காலில் போகிற பழக்கம் கரிசல்காட்டுக்குப் புதிதில்லை, அதற்கு இடம்தான் இல்லை.

பெண்பிள்ளைகளை அங்கே அனுப்புவீர்களா என்று கேட்டால், இன்றைய நிலையில் தனியாக அனுப்ப மாட்டேன். முள்ளும் பாட்டிலும் கிடக்கிற, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத கரை அது. நாங்களே மூன்று பேர் என்பதால்தான் போனோம். ஆனால் அதைக் காரணம் காட்டிக் கரையை அப்படியே விட்டுவிட்டால் பாட்டில்காரர்களுக்கே பட்டா எழுதிக் கொடுத்ததாகும். ஆள் போகப் போகத்தான் அங்கே பயம் குறையும்.

முழு ஆற்றையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. வல்லநாட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை முதலில் செய்யுங்கள். வேலிக்கருவையை வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் இரண்டு மழையில் திரும்ப வந்துவிடும். கல்தூண் ஊன்ற வேண்டும். மடைக்கு மடை அதன் பெயரையும், அது எந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் குடிதண்ணீர்க் குழாய், நிழலுக்கு மருதும் புங்கையும். ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து பிரேக் வேனில் அனுப்புகிற முறையை மாற்றி, திருநெல்வேலி - திருச்செந்தூர் பயணிகள் வண்டியில் ஒரு பெட்டியின் ஓரத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கினால், போனவர்கள் குட்டியானைக்கு அழாமல் திரும்பலாம். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் பக்கத்துப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக்குச் சைக்கிள் கொடுக்கிற வருஷமே ஒரு நாள் அவர்களை ஆசிரியர்களோடு இந்தக் கரைக்குக் கூட்டிப்போகட்டும். சீவலப்பேரி வரை பஸ், அதற்குமேல் மிதி. ஐம்பது கிலோமீட்டர் வேண்டாம், இருபத்தைந்து போதும்.

பிசான அறுவடை முடிந்து கால்வாயை அடைத்திருக்கிற நாட்கள்தான் கரை வேலைக்குத் தோது என்று அந்த லஸ்கர் பெரியவர் சொன்னார். பங்குனி, சித்திரை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டால் பிறகு யாரும் கரையில் கைவைக்க முடியாது. தூத்துக்குடி மாவட்ட ஆட்சியரும் நீர்வளத்துறையும் மாசிக்குள் ஒருமுறை கரையில் ஏறிப் பார்த்தால் நல்லது. ஜீப் வேண்டாம். சைக்கிள் இல்லையென்றால் என்னுடையதை இரவல் தருகிறேன், பின்சக்கரத்துக்குப் புது டயர் போட்டிருக்கிறேன்.